டேவான் வருகைப் புத்தகம்

லாயாங் லாயாங்
14 ஜூன் 2024

அன்புள்ள தம்பி சுகுமாறனுக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. புதன்கிழமை தம்போய்க்கு வந்து உன் வீட்டு கேட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன். உள்ளே காற்றாடி ஓடும் சத்தம் கேட்டது, ஷாமளாவின் செருப்பும் வாசலில் கிடந்தது. கேட்டு மட்டும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சீனர் எனக்காக மணியை அடித்துப் பார்த்தார். அவருக்கே என்மேல் பாவமாகிவிட்டது. கடிதத்தையாவது கிழிப்பதற்கு முன் ஒரு தடவை பார்ப்பாய் என்று எழுதுகிறேன்.

உன் மகன் ரூபேந்திரனைக் கூட்டிக்கொண்டு போய் இன்றோடு ஐந்து நாள். வக்கீல் ஷர்மைனிடம் பேசினேன். சொஸ்மா சட்டத்தில் பிடித்திருப்பதால் இருபத்தெட்டு நாள் வரை நீதிபதி முன்னால் நிறுத்தாமலே வைத்திருக்கலாமாம். பயங்கரவாதிகளுக்காகப் போட்ட சட்டம். லோரி கியர்பாக்ஸ் கழற்றுகிற பையன் அதில் எப்படிப் போய் விழுந்தான் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் என் கையும் இருக்கிறது.

மே பதினெட்டாம் தேதி, ஈழப் போரில் செத்தவர்களுக்கு விளக்கேற்ற ரூபனின் கூட்டாளிகளுக்கு எங்கள் மாவட்ட மன்றத்து டேவான் மண்டபம் தேவைப்பட்டது. எல்லாரும் ஜொகூர் பாரு, பொந்தியான் பக்கத்துப் பிள்ளைகள். இந்த ஊர் ஐசி இருந்தால்தான் டேவான் வாடகை பாதி. ரூபன் என் வீட்டில் தங்கிப் படித்தவன், அவன் அடையாள அட்டையில் இன்னும் என் முகவரிதான். "உன் பேரைப் போடுடா, கவுண்டர்ல நான் சொல்லிக்கிறேன்" என்றவள் நான்தான். நம் ஆட்களில் யார் இதைச் செய்வதில்லை? கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் ஐசி இப்படித்தானே கைமாறுகிறது. வாடகை விண்ணப்பப் பாரத்தில் 'ஏற்பாட்டாளர்' என்ற கட்டத்தில் அவன் பேர் ஏறிவிட்டது.

கூட்டத்தில் எவனோ ஒருவன் தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் கொடியோடு மேடையில் நின்று படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறான். ஜூன் முதல் வாரம் கோலாலம்பூரிலிருந்து இரண்டு அதிகாரிகள் மன்றத்துக்கு வந்தார்கள். கவுண்டரில் இருக்கிற வாசுகிக்கு, கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர்களைக் கண்டாலே தானாக எழுந்து நிற்கிற பழக்கம். கோப்பி கலந்து கொடுத்து, பாரத்தின் நகலையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர்களிடம் கடிதமும் இல்லை, உத்தரவும் இல்லை. அவள் கேட்கவும் இல்லை.

இப்போது அவர்கள் டேவான் வருகைப் புத்தகத்தைக் கேட்கிறார்கள். டேவான் சமையல்கட்டில் ஒருமுறை தீப்பிடித்ததிலிருந்து, எந்த நிகழ்ச்சிக்கு வந்தாலும் பேர், ஐசி எண், போன் எண் எழுத வேண்டும் என்பது மன்றத்தின் சட்டம். அன்று எழுதியவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். ஜூன் 27 முழுக்கூட்டம் முடியும்வரை புத்தகம் வெளியே போகக்கூடாது என்று உறுப்பினர் என்ற முறையில் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் வாயால் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஷாமளாவைச் சாப்பிடச் சொல்.

யோகேஸ்வரி அக்கா


தம்போய்
19.6.2024

அக்கா,

கேட்டைத் திறக்காததற்குக் காரணம் கோபம்தான். ஒளிக்கவில்லை. எங்கள் போன்களை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஷாமளா புதுசு ஒன்று வாங்கினாள். அதில் பேச எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் நானும் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுவாகத்தான் இருக்கும்.

நேற்று பதினைந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். கழுத்து எலும்பு தெரிகிறது. "அப்பா, மூவார் லோரிக்கு கியர்பாக்ஸ் போட்டு அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டான். அனுப்பிட்டேன் என்றேன். பொய். அவன் போனதிலிருந்து பட்டறையில் நான் எதையும் தொடவில்லை. ஷாமளா பெற்ற பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விசாரிக்கிற அதிகாரி ஒருவர் ஷர்மைனிடம் சொல்லியிருக்கிறார்: "யார் யார் வந்தாங்கன்னு லிஸ்ட் கிடைச்சா, இவனை வச்சிருக்க வேண்டிய அவசியமே இல்ல." அவர்களுக்கு வேண்டியது அந்தப் புத்தகம். அது உன் மன்றத்தில் இருக்கிறது. அதை நீ பிடித்துவைத்துக்கொண்டு, தீர்மானம் போடப்போகிறாயாம். தீர்மானம் விஷயம் ஷர்மைன் சொல்லித்தான் தெரியும்.

நூற்று நாற்பத்து மூன்று பேர் என்று எழுதியிருக்கிறாய். அதில் எத்தனை பேரை எனக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒருத்தன்தான். அவன் பேரை முதலில் கொடுத்தது உங்கள் மன்றம். அன்றைக்குத் தீர்மானம் எங்கே போயிருந்தது? என் பிள்ளை பேர் போகும்போது கதவு திறந்திருந்தது. ஊரான் பேர் போகும்போது நீ வந்து பூட்டுகிறாய்.

நீ நல்லவள்தான். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் என் பிள்ளையை வைத்து நீ நல்லவளாக இருக்க வேண்டாம். புத்தகத்தைக் கொடுத்துவிடு.

சுகு


லாயாங் லாயாங்
22 ஜூன் 2024

தம்பி,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கதவைப் பற்றி நீ எழுதியதை மறுக்க மாட்டேன். அது உண்மை.

வியாழக்கிழமை பதிவறைக்குப் போய் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். தடிமனான நீல அட்டைப் புத்தகம். கொடுத்துவிடுவது என்றுதான் போனேன், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அன்றைய நாள் முழுக்க அந்த முடிவோடுதான் இருந்தேன். ரூபனைப் பள்ளியில் ஃபார்ம் ஒன்றிலிருந்து ஃபார்ம் ஐந்து வரை சோறு போட்டு வளர்த்தவள் நான். அவன் கழுத்து எலும்பு தெரிகிறது என்று நீ எழுதிய வரிக்குப் பிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை.

திறந்து அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தேன். தோட்டத்திலிருந்து வந்த கிழவிகள் சிலர் பேருக்குப் பதில் பெருவிரல் வைத்திருக்கிறார்கள். கோவில் பஜனைக் கோஷ்டி ஒரே பேனாவில் வரிசையாக எழுதியிருக்கிறது. ஒரு பேரைக்கொண்டு அவர்கள் ரூபனை இத்தனை நாள் வைத்திருக்கிறார்கள். நூற்று நாற்பத்து மூன்று பேரைக்கொண்டு என்னென்ன செய்வார்கள் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. எத்தனை வீட்டுக் கேட்டுக்கு முன்னால் எத்தனை அக்காக்கள் நிற்பார்கள் என்று மட்டும் யோசித்தேன். மூடி வைத்துவிட்டு வந்தேன்.

நாட்டுச் சட்டத்தை ஒரு சின்ன ஊர் மன்றம் நிறுத்த முடியாது, தம்பி. அது எனக்கும் தெரியும். நான் கேட்பது சின்ன விஷயம். நீதிமன்ற உத்தரவோடு வரட்டும், எடுத்துக் கொடுக்கிறோம். வெறும் வாயோடு வந்தால் கொடுக்க வேண்டாம். ஆஸ்ட்ரோ டிவி தட்டு மாட்டுவதற்கே மூன்று நகல் கேட்கிற மன்றம் எங்களுடையது.

உனக்காக ஒன்று சொல்கிறேன். அந்த அதிகாரி வாயால் சொன்னதை ஒரு வரி எழுதித் தரச் சொல். 'பட்டியல் கிடைத்தால் ரூபேந்திரனை விட்டுவிடுவோம்' என்று எழுதி, பேரும் போட்டுக் கையெழுத்தும் வைக்கட்டும். அந்தத் தாள் வந்தால் தீர்மானமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நானே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். சரியா தப்பா என்று பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


தம்போய்
25.6.2024

அக்கா,

ஷர்மைன் கேட்டாள். அவர் சிரித்தாராம். "இதெல்லாம் யாரும் எழுதித் தர மாட்டாங்க லா, மிஸ்" என்றாராம்.

அதனால் நீ சொன்னது சரி என்று நினைத்துக்கொள்ளாதே. எழுதித் தராவிட்டாலும் சொன்னதைச் செய்திருப்பார்களோ என்னவோ. அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. நீ ஒரு பக்கம் முடிவு செய்துவிட்டாய். அந்த முடிவின் விலை என் வீட்டில் இருக்கிறது.

இன்றைக்குப் பதினாறாவது நாள்.

சுகு


லாயாங் லாயாங்
1 ஜூலை 2024

தம்பி,

வியாழக்கிழமை கூட்டத்தில் பொதுமக்கள் பெஞ்சில் உன்னைப் பார்த்தேன். பட்டறைச் சட்டையோடேயே வந்திருந்தாய். நீ வருவாய் என்று நான் நினைக்கவே இல்லை. உன்னைக் கண்டதும் எழுதி வைத்திருந்த தாளில் எங்கே இருக்கிறேன் என்பதே தெரியாமல் போய்விட்டது. மனித உரிமை, அரசியலமைப்பு என்று நான் தடுமாறிக்கொண்டு படித்ததையும், யாரும் கேட்காமல் தலைவர் கடிகாரத்தைப் பார்த்ததையும் நீயே பார்த்தாய். அதோடு எழுந்து போய்விட்டாய். பிறகு நடந்ததை நான் சொல்கிறேன்.

தீர்மானம் தோற்றுவிட்டது என்றுதான் நானும் உட்கார்ந்தேன். அப்போது மலாய் உறுப்பினர் ஹாஜி ரம்லி கையைத் தூக்கினார். நான் ஒரு தெருவிளக்கு கேட்டால்கூட எதிர்த்துப் பேசுகிறவர் அவர். கொஞ்சம் தமிழ் தெரியும், தோட்டத்தில் வளர்ந்தவர். "அம்மா, அந்தப் புத்தகம் உங்க கூட்டத்துக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?" என்று என்னிடம் தமிழில் கேட்டுவிட்டு, பதிலை மலாயில் எல்லாருக்கும் சொல்லச் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் ஒரே புத்தகம்தான், தம்பி. அவர் மகள் கல்யாணமும் அதில்தான் இருக்கிறது. சீனர்களின் ஏழாம் மாத விருந்து, சிலாட் தற்காப்பு வகுப்பு, ஆட்சியில் இல்லாத கட்சியின் ஆண்டுக்கூட்டம், எல்லாரும் அதே புத்தகத்தில் பேரும் ஐசியும் எழுதியிருக்கிறார்கள். தலைவர் மனைவி செவ்வாய்தோறும் ஆடுகிற ஜூம்பாவும் உண்டு. "என் சம்பந்தி வீட்டார் நானூறு பேர் போன் நம்பர் அதில் இருக்கிறது. யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிடுவோமா?" என்றார் ஹாஜி. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

ஒருவர்கூட எதிர்க்கவில்லை. மன்றத்தின் எந்தப் பதிவேடும் எழுத்து உத்தரவு இல்லாமல் கவுண்டரைத் தாண்டக்கூடாது. கேட்கிறவர் யாராக இருந்தாலும் பேர், பதவி, எந்த உத்தரவின்படி கேட்கிறார் என்று பாரம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நகல்.

நேற்றுக் காலை அதே இரண்டு பேர் வந்தார்கள். வாசுகி எழுந்து நின்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "சார், பாரம் நிரப்பணும் சார்" என்று பேனாவையும் எடுத்து நீட்டினாள். அவர்கள் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை கோப்பி கொடுக்கவில்லை.

இதனால் ரூபன் சீக்கிரம் வருவானா, தாமதமாகுமா, எனக்குத் தெரியாது. அதுதான் என்னை அரிக்கிறது. இன்னும் ஆறு நாள். ஏதாவது தவறாகப் போனால் உன் முகத்தில் நான் முழிக்க மாட்டேன்.

அக்கா


தம்போய்
9.7.2024

அக்கா,

ரூபன் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டான். வழக்கு எதுவும் போடவில்லை. ஏன் விட்டார்கள் என்று சொல்லவில்லை. ஏன் பிடித்தார்கள் என்றும் ஒழுங்காகச் சொன்னதில்லையே.

ஷாமளா ரசம் வைத்தாள். மூன்று தட்டு சாப்பிட்டான். பிறகு பட்டறைக்குப் போய் மூவார் லோரிக்கு அடியில் படுத்துக்கொண்டான். வேலை செய்தானா சும்மா படுத்திருந்தானா என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

கூட்டத்தில் பாதியில் எழுந்து போனது உன்னை அவமானப்படுத்த இல்லை. நீ பேசும்போது உன் கால் நடுங்கியது. சின்ன வயதில் அப்பா முன்னால் எனக்காகப் பேசும்போதும் உனக்கு அப்படித்தான் நடுங்கும். அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கார் பார்க்கில் நின்று அழுதுவிட்டுப் போனேன்.

கோபம் போய்விட்டதா என்றால், முழுக்கப் போகவில்லை. பிள்ளை வராமல் இருந்திருந்தால் உன்னை மன்னித்திருக்க மாட்டேன். வந்துவிட்டதால் இப்படி எழுதுகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். அதை நீயும் தெரிந்து வைத்துக்கொள்.

சுகு


லாயாங் லாயாங்
3 நவம்பர் 2024

தம்பி,

தீபாவளிக்கு நீயும் ஷாமளாவும் வந்தது மனசுக்கு நிறைவாக இருந்தது. இப்போது போனிலும் பேசுகிறோம். ஆனாலும் இதைப் போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ரூபன் ஏன் வரவில்லை? வேலை என்றாய். தீபாவளியன்று எந்த லோரிக்காரன் வண்டியை விடுகிறான்? அவன் வெளியே வந்து நாலு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு தடவை வரவில்லை. போன் செய்தால் "நல்லா இருக்கேன் அத்தை" என்கிறான், வைத்துவிடுகிறான். முன்பெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்டாலே பத்து நிமிஷம் பேசுகிறவன்.

புத்தகத்தைக் கொடுக்காமல் அவனை உள்ளே வைத்துவிட்டேன் என்று நினைக்கிறானா? நினைத்தால் நியாயம்தான். ஆனால் அவன் வந்து என் முகத்துக்கு நேராகக் கேட்கட்டும். உன் கோபத்தைத் தாங்கினேன். அவன் பேசாமல் இருப்பதைத் தாங்க முடியவில்லை.

அக்கா


தம்போய்
10.1.2025

அக்கா,

இந்த வருஷத்துக்கு நியமித்த மன்ற உறுப்பினர் பட்டியலில் உன் பேர் இல்லை என்று வாசுகி போனில் சொன்னாள். நீ சொல்லவில்லை. அதற்கு ஒருநாள் தனியாகச் சண்டை போடுகிறேன்.

ரூபனிடம் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். இதைப் போனில் சொல்ல வேண்டாம், எழுதுங்கள் என்று அவனே கேட்டுக்கொண்டான்.

உள்ளே தினமும் யார் யார் வந்தார்கள் என்றுதான் கேட்டார்களாம். அடிக்கவில்லையாம். தூங்க விடாமல் கேட்டார்களாம். இருபதாவது நாள் வாக்கில், ஒரு பேராவது சொன்னால்தான் விடுவார்கள் போல என்று தோன்றியிருக்கிறது. வந்தவர்கள் யாரையும் சொல்ல மனசு வரவில்லை. உன் பேரைச் சொல்லியிருக்கிறான். "அத்தை கவுன்சிலர், அவங்களை யாரும் தொட மாட்டாங்கன்னு நினைச்சேன்பா. அவங்க வரவே இல்ல, அதனால ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்" என்கிறான். நீ அன்றைக்குக் காய்ச்சலாகப் படுத்திருந்தாய் என்று எனக்கும் தெரியுமே. வராத ஆள் பேரைச் சொல்லியிருக்கிறான்.

அதனால்தான் உன் பதவி போனது என்று அவன் நினைக்கிறான். உன்னைப் பார்க்க வெட்கப்படுகிறான். நூற்று நாற்பத்து மூன்று பேரை அத்தை காப்பாற்றினாள், அத்தையை நான் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி அழுதான். அவனை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ பேசு.

சுகு


லாயாங் லாயாங்
15 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதத்தை ரூபனுக்குப் படித்துக் காட்டு. அவனே படித்தாலும் சரி.

ஜூலை மூன்றாம் தேதி என்னையும் பாலாய் போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். நீ இருந்த இருப்பில் அதையும் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். அதிகாரி நம் ஆள், நல்ல தமிழ் பேசினார். "மே பதினெட்டாம் தேதி நீங்களும் டேவான்ல இருந்தீங்களாமே, மேடம்?" என்றார்.

யார் சொல்லியிருப்பார்கள் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் கையில் இருந்தவன் ஒருவன்தானே. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதுதான் உண்மையும். ஆனால் நான் இல்லை என்றால், பொய் சொன்னாயா என்று திரும்பவும் அவன் முன்னால் போய் உட்காருவார்கள். அப்புறம் அவன் நிஜமாக வந்தவர்கள் பேரைச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால், "வந்தவங்க பேரெல்லாம் புத்தகத்துல இருக்கு சார். உத்தரவோட வாங்க, எடுத்துக் காட்டுறோம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதிக்கொண்டார். அதற்கும் என் பதவிக்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாரும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆறு மாதமாக எனக்கு இது தெரியும், ரூபன். உன்மேல் எனக்குக் கோபம் வரவே இல்லை. எல்லாப் பேரையும் விட்டுவிட்டு உனக்கு என் பேர்தானே வந்தது என்று, இதைச் சொன்னால் உன் அப்பா திட்டுவான், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நீ வராமல் இருந்ததற்குத்தான் கோபம்.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. நீ சாயங்காலம் போன் செய்து "அத்தை, கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டபோது நான் புடவை கட்டி முடித்திருந்தேன். அந்தக் கூட்டத்தில் என்னைப் பார்த்தால் அடுத்த வருஷம் பதவி கிடைக்காது என்று நினைத்துப் பயந்தேன். டேவானுக்குப் பேர் கொடுக்க உன்னை அனுப்பினேன், வந்து உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை. உடம்பு சுடுகிறது என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டு, கட்டிய புடவையோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு மன்றத்தில் நான் பேசியதெல்லாம் அந்தச் சாயங்காலத்துக்காகத்தான். இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

அதனால் நீ வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் போயிருக்க வேண்டிய இடத்தில் நீ என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறாய். அங்கிருந்து எழுந்து வர எனக்கு இஷ்டமில்லை.

இந்த மே மாதமும் விளக்கேற்றுவார்கள். நீ போவாயோ மாட்டாயோ, அது உன் விருப்பம், யாரும் உன்னைக் கேட்க முடியாது. எங்கே நடக்கிறது என்று மட்டும் எனக்குச் சொல். நான் வருவேன். வந்து பேர் எழுதுவேன்.

அத்தை